மாடு இழுத்தால் வண்டியும் இழுக்குமே, அப்புறம் எப்படி நகரும்? இயற்பியலும் கணக்கும் வழுக்கும் இடங்கள்

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வேளையில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருஷம் மாறுகிறது, பிள்ளைகள் மாறுகிறார்கள், பாடப்புத்தகமே மாறிவிட்டது, தப்புகள் மட்டும் மாறுவதில்லை. போன வருஷம் ஒரு பையன் எந்த வரியில் வழுக்கினானோ அதே வரியில் இந்த வருஷம் இன்னொரு பெண் வழுக்குகிறாள், இருவருமே "எனக்குக் கணக்கு வராது சார்" என்று ஒரே மாதிரி சொல்கிறார்கள். கணக்கு வரும். நான் பார்த்தவரை கஷ்டமான இடத்தில் யாரும் விழுவதில்லை, ஏனென்றால் கஷ்டம் என்று தெரிந்தால் எல்லோரும் நின்று நிதானமாகப் படிக்கிறார்கள். விழுவதெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போன ஒரு சொல்லிலோ சின்னக் குறியிலோதான். "மின்காந்தத் தூண்டல்" என்றால் நிற்கிறார்கள். "வேலை" என்ற சொல்லுக்கு யார் நிற்கிறார்கள்?

அதனால் இங்கே எழுதப் போவது எங்கெங்கே நிற்க வேண்டும், நின்று என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை. எல்லாவற்றையும் எழுதவில்லை, அடிக்கடி பார்ப்பவை மட்டும்.

வீட்டுச் சொல், பாடச் சொல்

முதலில் எடை. "உன் எடை என்ன?" என்று கேட்டால் "55 கிலோ" என்பீர்கள். வீட்டில் அது சரி, பரீட்சைத் தாளில் தப்பு. 55 கிலோகிராம் என்பது உங்கள் நிறை, அதாவது உங்களிடம் இருக்கும் பொருளின் அளவு. எடை என்பது பூமி உங்களை இழுக்கும் விசை, அதன் அலகு நியூட்டன். நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் (பூமியில் 9.8 மீ/வி²) பெருக்கினால் எடை: 55 × 9.8 = 539 நியூட்டன். எடை மெஷின் உண்மையில் அந்த 539-ஐத்தான் உணர்கிறது, நமக்காக 9.8-ஆல் வகுத்துக் கிலோவில் காட்டுகிறது. அதே மெஷினை நிலாவுக்குக் கொண்டுபோனால் அங்கே ஈர்ப்பு முடுக்கம் சுமார் 1.62 என்பதால் விசை 89 நியூட்டன் சொச்சம்தான், மெஷின் பழக்கதோஷத்தில் 9.8-ஆல் வகுத்து 9 கிலோ என்று காட்டும். நீங்கள் ஒரு கிராம்கூட இளைக்கவில்லை.

இதிலேயே இன்னொரு குழப்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: விண்வெளி நிலையத்தில் மிதக்கிறார்களே, அங்கே ஈர்ப்பு இல்லையா? இருக்கிறது. அந்த நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, அந்த உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் 8.7 அளவில், கிட்டத்தட்ட தரையில் இருப்பதில் தொண்ணூறு சதவீதம். நிலையமும் ஆளும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டே, பக்கவாட்டில் போகும் வேகத்தால் பூமியில் மோதாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக விழும்போது தரை ஆளைத் தாங்க வேண்டிய அவசியம் இல்லை, அதனால் மிதப்பு.

யூடியூபில் இலங்கைத் தமிழ் வகுப்புகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. நாம் நிறை என்பதை அங்கே திணிவு என்பார்கள், நாம் எடை என்பதை அங்கே நிறை என்பார்கள். நம்முடைய வேகம் அங்கே கதி, நம்முடைய திசைவேகம் அங்கே வேகம். வகுப்புகள் பிரமாதமாக இருக்கின்றன, பாருங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி மூன்று நாள் "நிறை நியூட்டனில்" என்று எழுதிக்கொண்டிருந்தாள், காரணம் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்தது வேலை. ரயில்வே ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர் 30 கிலோ பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் 200 மீட்டர் சீராக நடக்கிறார். தலை பெட்டியை மேல்நோக்கித் தாங்குகிறது, பெட்டி பக்கவாட்டில் போகிறது, இரண்டும் செங்குத்து, எனவே அந்தத் தாங்கு விசை பெட்டியின் மேல் செய்த வேலை பூஜ்யம். உடனே எல்லோரும் கொதிப்பார்கள்: "அவருக்கு வேர்க்குதே சார்!" நியாயமான கேள்வி. சும்மா தாங்கிப் பிடிக்கவே தசை நார்கள் உள்ளுக்குள் ஓயாமல் இறுகித் தளர வேண்டும், அதற்குச் சாப்பாட்டின் ஆற்றல் செலவாகிறது, அது வெப்பமாகப் போகிறது. அவர் உடலுக்குள் ஆற்றல் செலவானது நிஜம், பெட்டிக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்பதும் நிஜம். அவரே 6 மீட்டர் உயர நடைமேம்பாலப் படியில் ஏறினால் பெட்டியின் மேல் 30 × 9.8 × 6 = 1764 ஜூல் வேலை நடக்கிறது. ஆகவே "வேலை" என்ற சொல்லைப் பார்த்தால் கேட்க வேண்டியது: எந்த விசை செய்த வேலை, எதன் மேல்? இந்த இரண்டையும் சொல்லாமல் "வேலை எவ்வளவு" என்று கேட்டால் கேள்வியே அரைகுறை.

கரண்ட் பில்லுக்கும் இதே கதை. பில்லில் கரண்டுக்கும் காசு இல்லை, பவருக்கும் காசு இல்லை, ஆற்றலுக்குத்தான் காசு. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி, 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஆவது, ஜூலில் 36 லட்சம். கண்ணாடிக் கடையில் சொல்லும் "பவர்" வேறு ஜாதி, அது மீட்டரில் சொன்ன குவியத்தூரத்தின் தலைகீழ். +2 என்றால் குவியத்தூரம் 50 சென்டிமீட்டர்.

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பதற்குத் தீபாவளியே போதும். கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரியைத் தாண்டும், கையில் விழுந்தால் பெரும்பாலும் சுருக்கென்பதோடு சரி. ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீர் வெறும் 100 டிகிரிதான், அது கையில் கொட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொறியின் நிறை துளியிலும் துளி, அதனால் அதில் இருக்கும் வெப்பமும் அவ்வளவுதான். (கம்பியைத் தொட்டுப் பார்த்துவிடாதீர்கள், அதில் நிறை உண்டு.)

மாடும் வண்டியும்

நியூட்டனின் மூன்றாம் விதி எல்லோருக்கும் மனப்பாடம். அதனாலேயே அது மூன்று விதிகளில் மிகக் குறைவாகப் புரிந்த விதி. மாடு வண்டியை எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ அதே விசையோடு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமம், எதிரெதிர். அப்புறம் எப்படி வண்டி நகரும்? நான் பதினொன்றாவது படித்தபோது இதைக் கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று பதில் கிடைத்தது. இப்போது நான் பதில் சொல்லும் இடத்தில் இருப்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒற்றை மாட்டு வண்டி. மாடு 350 கிலோ, வண்டி 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாடு குளம்பால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தரை மாட்டை முன்னுக்கு 600 நியூட்டனால் தள்ளுகிறது. சக்கரத்தின் உராய்வு, மேடு பள்ளம் எல்லாம் சேர்ந்து வண்டியைப் பின்னுக்கு 200 நியூட்டனால் தடுக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் மீதி 400 நியூட்டன், மொத்த நிறை 800, முடுக்கம் 0.5.

இப்போது மாட்டைக் கையால் மறைத்துவிட்டு வண்டியை மட்டும் பாருங்கள். அதன் மேல் முன்னுக்கு மாட்டின் இழுப்பு, பின்னுக்கு 200. வண்டி 0.5 முடுக்கத்தோடு போக நிகர விசை 450 × 0.5 = 225 வேண்டும், ஆக மாட்டின் இழுப்பு 425 நியூட்டன். சரி, வண்டியை மறைத்துவிட்டு மாட்டை மட்டும் பாருங்கள். முன்னுக்குத் தரை தள்ளும் 600, பின்னுக்கு வண்டி இழுக்கும் 425, மீதி 175. மாட்டின் நிறை 350 × 0.5 = 175. கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த இரண்டு 425-களும் சமம்தான், எதிரெதிர்தான், ஆனால் ஒன்று வண்டியின் கணக்கில் வருகிறது, மற்றது மாட்டின் கணக்கில் வருகிறது. ஒரே பொருளின் மேல் இல்லாத இரண்டு விசைகளை எப்படிக் கழிப்பீர்கள்? உங்கள் அக்கவுண்டில் 425 ரூபாய் வரவு, என் அக்கவுண்டில் 425 பற்று, இரண்டையும் சேர்த்து "யாரிடமும் எதுவும் மாறவில்லை" என்று சொல்வது மாதிரி அது. சேற்றில் மாடு இழுக்க முடியாமல் நிற்பதும் இதனால்தான் புரிகிறது: குளம்பு வழுக்கினால் தரையால் அந்த 600-ஐத் தர முடியாது.

இதில் இருந்து ஒரு வழிமுறை எடுத்துக்கொள்ளுங்கள், என் பிள்ளைகளை நான் கட்டாயப்படுத்துவது இது ஒன்றைத்தான். விசைக் கணக்கு எதுவானாலும் ஒரே ஒரு பொருளைத் தனியே வரையுங்கள். பாடப்புத்தகத்தில் தனித்த பொருளின் விசைப்படம் என்று இருக்கும். ஒவ்வொரு அம்புக்குறியின் பக்கத்திலும் "யார், யார் மேல்" என்று எழுதுங்கள். பூமி, புத்தகத்தின் மேல். மேசை, புத்தகத்தின் மேல். "யார்" என்பதற்குப் பதில் எழுத வரவில்லை என்றால் அந்த அம்பை அழித்துவிடுங்கள், அப்படி ஒரு விசை இல்லை. கையை விட்டுக் கிளம்பிய பந்துக்கு மேல்நோக்கி ஓர் அம்பு போட்டு "எறிந்த விசை" என்று எழுதுவார்கள். யார் எறிந்துகொண்டிருக்கிறார்கள்? கை எப்போதோ விலகிவிட்டது. அழி.

மூன்றாம் விதியின் ஜோடி எது என்று கண்டுபிடிக்கவும் இதே எழுத்து உதவும், பெயர்களை அப்படியே இடம் மாற்றினால் ஜோடி. "பூமி புத்தகத்தை இழுக்கிறது" என்பதற்கு ஜோடி "புத்தகம் பூமியை இழுக்கிறது". மேசை புத்தகத்தைத் தாங்குவது இதற்கு ஜோடி இல்லை, அது சும்மா இருக்கும் மேசையில் தற்செயலாகச் சமமாக இருக்கிறது, அவ்வளவுதான். நம்பிக்கை இல்லையா? லிஃப்டில் ஏறுங்கள். 50 கிலோ ஆள், லிஃப்ட் மேல்நோக்கி 2 முடுக்கத்தில் கிளம்புகிறது: தரை தாங்கும் விசை 50 × 11.8 = 590 நியூட்டன், எடை அதே 490. இரண்டும் ஜோடியாக இருந்தால் ஒருபோதும் வித்தியாசப்பட முடியாது.

பஸ் இடது பக்கம் வளையும்போது வலது பக்கம் சாய்கிறோமே, அது மையவிலக்கு விசைதானே என்பார்கள். ரோட்டோரத்தில் நின்று பார்ப்பவருக்கு உங்களை வலது பக்கம் தள்ளியவர் யாருமில்லை. நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள், பஸ் உங்களுக்கு அடியில் வளைகிறது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டே கணக்குப் போட ஆசைப்பட்டால் ஒரு போலி விசையைச் சேர்த்துக்கொள்ளலாம், விடை சரியாக வரும். ஆனால் ரோட்டில் நின்று ஒரு வரி, பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வரி என்று எழுதினால் ஆண்டவனே வந்தாலும் காப்பாற்ற முடியாது.

உராய்வைப் பற்றி ஒரு வார்த்தை. உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் வருவது ஓய்வுநிலை உராய்வின் உச்சவரம்பு, எப்போதும் அதே மதிப்பு இருக்கும் என்று அர்த்தமில்லை. 20 கிலோ பெட்டி, குணகம் 0.5, உச்சவரம்பு 98 நியூட்டன். நீங்கள் 30 நியூட்டனால் தள்ளுகிறீர்கள், பெட்டி அசையவில்லை. உராய்வு எவ்வளவு? 98 என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை. 98 என்றால் நீங்கள் தள்ளத் தள்ளப் பெட்டி உங்கள் மேலேயே வந்து மோத வேண்டுமே! 30-தான்.

மேலே போய் நிற்கும் பந்து

செங்குத்தாக எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, திசைவேகம் பூஜ்யம். முடுக்கம்? "அதுவும் பூஜ்யம்" என்று பாதி வகுப்பு சொல்லும். திசைவேகமும் பூஜ்யம், அது மாறும் வீதமும் பூஜ்யம் என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். உச்சிக்கு 0.1 வினாடி முன்னால் பந்து மேல்நோக்கி 0.98 மீ/வி வேகத்தில் போகிறது, 0.1 வினாடி கழித்துக் கீழ்நோக்கி 0.98. மாற்றம் 1.96, எடுத்த நேரம் 0.2 வினாடி, வகுத்தால் 9.8. உச்சியிலும் அதே 9.8, கீழ்நோக்கி.

மைனஸ் முடுக்கம் என்றால் வேகம் குறைகிறது என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். அப்படி இல்லை. மைனஸ் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த திசைக்கு எதிர்த்திசை என்று மட்டுமே சொல்கிறது. மைனஸ் திசையில் போகும் வண்டிக்கு மைனஸ் முடுக்கம் வந்தால் வேகம் கூடும். பக்கத்தின் மேலே முதலில் ஓர் அம்பு போட்டு "இது பிளஸ்" என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

நாற்பது வாட், நூறு வாட்

குண்டு பல்பு இப்போது கடைகளில் அரிது, ஆனால் பரீட்சைக்கு அது சாவதேயில்லை. 230 வோல்ட்டுக்கான 40 வாட் பல்பும் 100 வாட் பல்பும் தொடரிணைப்பில், மொத்தமாக 230 வோல்ட். எது அதிகம் எரியும்? 100 வாட் என்பார்கள். 40 வாட்தான் அதிகம் எரியும்.

இங்கே உண்மையான குழப்பம் பல்பில் இல்லை, இரண்டு வாய்பாடுகளில். திறன் = மின்னழுத்த வேறுபாட்டின் வர்க்கம் ÷ மின்தடை, இது ஒன்று. திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை, இது இன்னொன்று. முதலாவது மின்தடை கூடினால் திறன் குறையும் என்கிறது, இரண்டாவது கூடும் என்கிறது. புத்தகம் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. இரண்டும் சரி. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, எது மாறாமல் இருக்கிறது? வீட்டில் எல்லா பல்பும் பக்க இணைப்பில், எல்லாவற்றுக்கும் அதே 230 வோல்ட், ஆகவே முதல் வாய்பாட்டை வைத்துப் பேசுங்கள். தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம், ஆகவே இரண்டாவது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 40 வாட் பல்பின் மின்தடை 230² ÷ 40 = 1322.5 ஓம், 100 வாட்டுக்கு 529 ஓம். கூட்டினால் 1851.5, மின்னோட்டம் சுமார் 0.124 ஆம்பியர். வர்க்கம் எடுத்துப் பெருக்கினால் 40 வாட் பல்பு 20 வாட் சொச்சத்திலும் 100 வாட் பல்பு 8 வாட் சொச்சத்திலும் எரிகின்றன. நிஜ பல்பில் இழை சூடு குறைந்தால் மின்தடையும் குறையும் என்பதால் எண்கள் கொஞ்சம் வேறாக வரும், வரிசை மாறாது. இதை 230 வோல்ட்டில் வீட்டில் செய்து பார்க்கக் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று, பல்பு மின்னோட்டத்தைத் "தின்றுவிடுகிறது" என்ற நினைப்பு. உள்ளே போகும் மின்னோட்டம் அப்படியே வெளியே வருகிறது, செலவாவது ஆற்றல். ஸ்விட்ச் போட்டவுடன் எரிகிறதே, எலக்ட்ரான் அவ்வளவு வேகமா என்றால் அதுவும் இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடினால் எலக்ட்ரான்கள் சராசரியாக வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவில்தான் நகர்கின்றன, ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜாண். குழாய் முழுக்க ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருந்தால் வால்வைத் திறந்ததும் மறுமுனையில் கொட்டுமே, அப்படி.

கணக்கில் வழுக்கும் இடங்கள்

இங்கே பெரும்பாலான தப்புக்கு ஒரே நோய்தான் காரணம்: அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பது எதுவானாலும் உள்ளே பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம் என்ற தாராள மனசு. 5(3 + 4) என்றால் கொடுக்கலாம். (3 + 4)² என்றால் 49, பங்கு போட்டால் 9 + 16 = 25. சைன் (30° + 60°) என்றால் 1, பங்கு போட்டால் 0.5 + 0.866 = 1.366, சைனின் மதிப்பு ஒன்றைத் தாண்டவே தாண்டாது என்பதுகூட உறைக்காமல் எழுதிவிட்டுப் போவார்கள். வர்க்கமூலம், மடக்கை எல்லாம் இதே கதை. மருந்து சுலபம். சந்தேகம் வந்தால் எழுத்தை எடுத்துவிட்டு எண்ணைப் போடுங்கள். 0, 1, 2 வேண்டாம், அவை நல்ல பிள்ளை மாதிரி நடித்துத் தப்பான வாய்பாட்டையும் சரி என்று காட்டிவிடும். 3, 5, 7 போடுங்கள்.

அடித்தல் அடுத்த நோய். (எக்ஸ் + 6) ÷ 6 என்பதில் மேலே ஆறு, கீழே ஆறு, இரண்டையும் அடித்துவிட்டு "எக்ஸ்" என்பார்கள். எக்ஸுக்கு 12 போடுங்கள்: 18 ÷ 6 = 3. பன்னிரண்டு எங்கே, மூன்று எங்கே. தொகுதி முழுவதையும் பெருக்கிக்கொண்டு நிற்பதைத்தான் அடிக்கலாம், கூட்டலில் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தொடக்கூடாது.

எக்ஸ்² = 5 எக்ஸ் என்றால் இருபுறமும் எக்ஸை அடித்து எக்ஸ் = 5 என்று முடிப்பார்கள். எக்ஸ் = 0 என்ற விடை காணாமல் போய்விட்டது, ஏனென்றால் அடிக்கும்போது எக்ஸ் பூஜ்யமில்லை என்று நம் வாயால் சொல்லிவிட்டோம். இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை. 20 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து எப்போது தரையில் இருக்கும் என்று, ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக் கேட்டால், நேரம் 0, நேரம் 4 என்று இரண்டு விடை. அடித்தவருக்கு 4 மட்டும் கிடைக்கும், பந்து கிளம்பிய கணம் கணக்கில் இருந்து தொலைந்துவிடும். அடிப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்.

√9 என்றால் 3 மட்டும், ±3 இல்லை. எக்ஸ்² = 9 என்ற சமன்பாட்டுக்குத்தான் ±3 விடை. குறி ஒரு கேள்வி, சமன்பாடு வேறொரு கேள்வி. −3² என்றால் −9, (−3)² என்றால் 9; எக்செல்லில் =-3^2 என்று தட்டினால் 9 என்று வரும், அது எக்செல்லின் தனிப் பழக்கம், அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அசமன்பாட்டை மைனஸால் பெருக்கினால் குறி திரும்பும்: 2 < 5, ஆனால் −2 > −5. சைனுக்குத் தலையில் −1 இருந்தால் அது நேர்மாறுச் சார்பு, தலைகீழ் பின்னம் இல்லை. சைன்² என்று எழுதும்போது மட்டும் அது அடுக்காம். இந்தக் குறியீட்டை யார் இப்படி வைத்தார்களோ, அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. போன் கால்குலேட்டரில் சைன் 30 தட்டி −0.988 வந்தால் கருவி கெடவில்லை, ரேடியனில் இருக்கிறது.

சராசரி வேகம் பற்றித் தனியாக. போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், வரும்போது 60, சராசரி 50 என்று மனசு சொல்லும். தூரம் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: போக 3 மணி, வர 2 மணி, 240 ÷ 5 = 48. மெதுவாகப் போன நேரம் அதிகம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

வகையிடலில் முக்கால்வாசிப் பேர் இயந்திரம் மாதிரி "அடுக்கை முன்னால் கொண்டுவா, ஒன்றைக் குறை" என்று போட்டுவிடுவார்கள், கொஞ்சம் யோசிக்கிற பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்: "மாற்றம் பூஜ்யம்னா பூஜ்யத்தால வகுக்கறோமே சார்?" அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். 3 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் தகடு, பரப்பு 9. பக்கத்தை 0.1 கூட்டினால் பரப்பு 9.61, மாற்றம் 0.61, வகுத்தால் 6.1. 0.01 கூட்டினால் 9.0601, வகுத்தால் 6.01. 0.001 என்றால் 6.001. எங்கேயும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. மாற்றம் சின்னதாகச் சின்னதாக விடை எதை நெருங்குகிறது என்று பார்க்கிறோம், அது 6. படம் வரைந்தால் இன்னும் தெளிவு: தகட்டின் இரண்டு ஓரங்களில் இரண்டு ஒல்லிப் பட்டைகள் ஒட்டுகின்றன, ஒவ்வொன்றின் நீளம் 3, இரண்டும் சேர்ந்து 6. மூலையில் மிஞ்சும் குட்டிச் சதுரம்தான் அந்த 0.1, 0.01. மனப்பாடம் செய்த "2 எக்ஸ்" இந்த இரண்டு பட்டைதான்.

உட்கார்ந்து படிக்கும்போது

கணக்கைத் தொடங்குமுன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நடந்து போகிற ஆளின் வேகம் வினாடிக்கு 300 மீட்டர் என்று வந்தால் அப்போதுதான் உறைக்கும். தப்புக்கென்று தனி நோட்டு ஒன்று வைத்து, சரியான விடையை எழுதாமல், எந்தச் சொல்லில் எந்தக் குறியில் கால் வழுக்கியது என்று ஒரு வரி எழுதுங்கள். நாற்பது தப்பு சேர்ந்ததும் பார்த்தால் அதில் ஐந்தாறு வகைதான் இருக்கும்.

அலகைக் கடைசி வரியில் மட்டும் ஒட்டவைக்காமல் ஒவ்வொரு வரியிலும் கூடவே இழுத்துப் போங்கள். ஊசலின் அலைவுநேரத்தில் வர்க்கமூலத்துக்குள் நீளம் மேலேயா, ஈர்ப்பு முடுக்கம் மேலேயா என்று பரீட்சை ஹாலில் மறந்துபோகும். மீட்டரை மீட்டர்/வினாடி²-ஆல் வகுத்தால் வினாடி² வரும், வர்க்கமூலம் எடுத்தால் வினாடி. ஆக நீளம்தான் மேலே. மனப்பாடம் தேவைப்படவில்லை. (முன்னால் நிற்கும் 2π-ஐ அலகு காட்டாது, அதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.)

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரு நூலில் பூட்டைக் கட்டி, தொங்கவிடும் ஆணியில் இருந்து பூட்டின் நடுப்பகுதி வரை சரியாக ஒரு மீட்டர் இருக்கும்படி வையுங்கள், பூட்டின் தலை வரை அளந்தால் உண்மை நீளம் கூடிவிடும். லேசாக ஆட்டிவிட்டுப் போய்த் திரும்பி வருவதை ஒன்றாக எண்ணிப் பத்து ஆட்டத்துக்கு நேரம் பாருங்கள். வாய்பாட்டின்படி 20 வினாடி வர வேண்டும். முதல் தடவை செய்யும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு 18 வருகிறது, உடனே வாய்பாட்டையும் ஈர்ப்பையும் நூலையும் சந்தேகப்படுகிறார்கள். பூட்டைக் கையில் இருந்து விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். "பத்து" என்று சொல்லும்போது ஒன்பது ஆட்டம்தான் முடிந்திருக்கும். விடும்போது "பூஜ்யம்" என்று சொல்லுங்கள்.